மோவாப் பள்ளத்தாக்குத் தடங்கள்: ஷேஃபர், ஒயிட் ரிம், எலிஃபண்ட் ஹில், ஹெல்ஸ் ரிவெஞ்ச் – எது யாருக்கு?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள மோவாப் ஊருக்கு ஜீப் எடுத்துப் போகத் திட்டமிடுகிறவர்கள் முதலில் விசாரிப்பது, "இருப்பதிலேயே கஷ்டமான தடம் எது?" என்றுதான். அங்கே ஆரம்பித்தால் தேர்வு கோணலாகிவிடும். பள்ளத்தாக்கைப் பார்ப்பது ஒரு கணக்கு, பாறையில் வண்டி ஏற்றுவது இன்னொரு கணக்கு. மோவாபைச் சுற்றி உள்ள புகழ்பெற்ற நான்கு தடங்களை எடுத்துக்கொண்டால், காட்சியில் முதலிடத்தில் இருப்பது ஓட்டுவதில் நடுத்தரம். ஓட்டுவதில் முரட்டுத்தனமானது காட்சியில் சுமார்தான். கையில் எத்தனை நாள், என்ன வண்டி, கூட வருகிறவர்களுக்கு உயரம் ஒத்துக்கொள்ளுமா என்ற மூன்றும் தெளிவானால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

ஷேஃபர் தடம்

ஒரே நாள்தான் இருக்கிறது, பெரிய அனுபவமும் இல்லை என்றால் இதுதான். கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவின் ஐலண்ட் இன் த ஸ்கை என்ற மேட்டுநிலப் பகுதியிலிருந்து சுமார் 1,500 அடி கீழே இறங்கும் மண் சாலை. ஆடு மாடு ஓட்டிய பாதையை 1950களில் யுரேனியம் லாரிகளுக்காக அகலப்படுத்தினார்கள். அதனால் வளைவுகள் லாரி திரும்பும் அளவுக்கு இருக்கின்றன. பயமுறுத்துவது அகலம் அல்ல, ஓரத்தில் தடுப்புச் சுவர் என்று ஒன்றுமே இல்லாததுதான்.

இறங்கும்போது பிரேக்கை நம்பக் கூடாது. மேலேயே நின்று லோ ரேஞ்சுக்கு (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியர் நிலை) மாற்றி, முதல் அல்லது இரண்டாவது கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்து இறக்கும்படி விட வேண்டும். பிரேக்கை மிதித்தபடியே வந்தால் நாலைந்து வளைவுக்குள் கருகல் வாடை அடிக்கும், அதன் பிறகு மிதி மெத்தென்று உள்ளே போகும். எதிரே ஏறி வருகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை. இறங்குகிறவர் ஒதுங்குமிடத்தில் நின்று வழிவிட வேண்டும். ஆகவே அடுத்த ஒதுங்குமிடம் எங்கே என்று கண் எப்போதும் கீழ்ச் சாலையைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும்.

அடிவாரத்தில் சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பொட்டாஷ் சாலையாக மோவாபுக்குத் திரும்புகிறது, மற்றது ஒயிட் ரிம். ஷேஃபரில் இறங்கி பொட்டாஷ் வழியே வெளியேற, பூங்கா நுழைவுக் கட்டணம் போக தனி பர்மிட் வேண்டாம். ஒயிட் ரிம் பக்கம் திரும்பி மஸல்மன் வளைவுப் பாறையைப் பார்த்துவிட்டு வருவதென்றால் பர்மிட் வேண்டும். "கொஞ்ச தூரம்தானே" என்று திரும்புகிறவர்கள் ஏராளம். அந்தக் கொஞ்ச தூரமும் ஒயிட் ரிம் கணக்கில்தான் சேரும்.

பொட்டாஷ் சாலையின் மண் பகுதி பெயருக்கு எளிது, உடம்புக்கு எளிதல்ல. ஷேஃபரின் வளைவுகளைவிட இங்கேதான் வண்டி அதிகம் குலுங்கும், அடிபடும். ஆனால் டெட் ஹார்ஸ் பாயிண்ட் என்ற மேட்டுமுனையின் பாறைச் சுவர் தலைக்கு மேலே நிற்க, கொலராடோ ஆறு பக்கத்தில் வளைந்து போக, நடுவே பொட்டாஷ் உப்பு எடுக்கும் ஆலையின் நீலநிற ஆவியாக்கும் குளங்கள் வரும். அந்த நீலம் சாயம்தான். வெயிலை அதிகம் உறிஞ்சி நீர் சீக்கிரம் ஆவியாகட்டும் என்று கலக்கிறார்கள். தார்ச்சாலையைத் தொட்டதும் நேராக ஊருக்குப் போகலாம். தெம்பு மிச்சமிருந்தால் லாங் கேன்யன் வழியாக மறுபடி மேலே ஏறலாம். பாதையின் மேல் சாய்ந்து விழுந்து கிடக்கும் ஒரு பெரும்பாறைக்கு அடியிலேயே வண்டி நுழைந்து போகும். கூரையில் கேரியர் கட்டியவர்கள் அங்கே இறங்கி அளந்து பார்த்துவிட்டு நுழைவது நல்லது.

மழை பெய்திருந்தால் ஷேஃபரை அன்றைக்கு மறந்துவிட வேண்டும். சரிவில் உள்ள சின்லே என்ற பாறை அடுக்கின் களிமண் நனைந்தால் சோப்பு மாதிரி ஆகிவிடும். நாலு சக்கரமும் சுற்றினாலும் வண்டி தன் இஷ்டத்துக்கு நழுவும். குளிர்காலத்தில் பனி உறைந்தால் பூங்கா நிர்வாகமே இந்தச் சாலையை மூடிவிடும்.

ஒயிட் ரிம் சாலை

பள்ளத்தாக்கு என்றால் இதுதான். மேட்டுநிலத்துக்கு ஏறக்குறைய 1,200 அடி கீழே, ஆற்றுக்கு ஏறக்குறைய 1,000 அடி மேலே, வெள்ளை மணற்பாறைத் திட்டு ஒன்று திண்ணை போலச் சுற்றி ஓடுகிறது. அந்தத் திண்ணை வழியாகச் சுற்றி வர 100 மைல், அதாவது 160 கி.மீ. வட்டம். ஓட்டுவதில் நடுத்தரம் என்று வகைப்படுத்துகிறார்கள், உலர்ந்த நாளில் அது சரிதான். கஷ்டமெல்லாம் சில இடங்களில் குவிந்திருக்கிறது: ஷேஃபர் இறக்கம், மர்ஃபி ஹாக்பேக், ஹார்ட்ஸ்கிராபிள் ஹில், மினரல் பாட்டம் ஏற்றம். மீதி முழுக்கத் தூரமும் குலுக்கலும்.

மர்ஃபி ஹாக்பேக்கில் ஒரு வண்டி போகத்தான் இடம், செங்குத்து, நடுவில் ஒதுங்க வழியில்லை. அடிவாரத்திலேயே நிறுத்தி, ஒருவரை நடந்து மேலே அனுப்பி, எதிரே யாரும் இல்லை என்று கை காட்டிய பிறகே ஏற வேண்டும். ஏற ஆரம்பித்தால் நிற்கக் கூடாது. நின்றுவிட்டால் ஸ்டியரிங்கைத் திருப்பாமல், ரிவர்ஸ் கியரில் வந்த தடத்திலேயே நேராக இறங்குவதுதான் பாதுகாப்பு. குறுக்கே திருப்பப் பார்த்தால் வண்டி பக்கவாட்டில் சாயும்.

எந்தத் திசையில் சுற்றுவது? இதில் அபிப்பிராய பேதம் உண்டு. கடிகாரத் திசையில், ஷேஃபரில் இறங்கி மினரல் பாட்டத்தில் ஏறுவதே மேல். காரணம் எளிது: அப்படிச் சுற்றினால் மலை வலப்பக்கம், பாதாளம் இடப்பக்கம். அமெரிக்க வண்டியில் ஓட்டுநர் இடப்பக்கம் உட்காருவதால், விளிம்புக்கும் சக்கரத்துக்கும் எத்தனை அடி இருக்கிறது என்று அவர் கண்ணாலேயே பார்க்கலாம். எதிர்த்திசையில் பார்ப்பது பக்கத்தில் உட்கார்ந்தவர். அவர் போடும் சத்தம்தான் ஓட்டுநருக்கு அளவுகோல். ஸ்டியரிங் வலப்பக்கம் உள்ள வண்டியில் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

ஒரே நாளில் முடிக்கலாம், பலர் முடிக்கிறார்கள். சராசரி வேகம் மணிக்கு 15, 20 கி.மீ.தான் வரும் என்பதால் விடியலில் தொடங்கினாலும் பொழுது சாயும். கேமராவை வெளியே எடுக்க நேரம் இருக்காது. இரண்டு இரவு தங்குவதே இந்தத் தடத்துக்கு நியாயம். தங்குமிடங்களில் கழிப்பறை உண்டு, குடிநீர் வழி முழுக்க ஒரு சொட்டு கிடையாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று கணக்கிட்டு, அதற்கு மேல் ஒரு நாள் நீரைக் கூடுதலாக ஏற்றுங்கள். பெட்ரோலும் அப்படியே: வட்டம் 100 மைல், மோவாபிலிருந்து போக வர இன்னும் 50 மைலுக்கு மேல், அதில் கணிசம் லோ ரேஞ்ச். நெடுஞ்சாலை மைலேஜை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாறுவீர்கள். டேங்க் நிறைய, கூடவே 20 லிட்டர் கேன் ஒன்று.

பகல் பயணத்துக்கும் பர்மிட் கட்டாயம். ஒரு நாளைக்கு 50 மோட்டார் வண்டிகளுக்குத்தான் கொடுக்கிறார்கள். தங்குவதற்கான இடங்கள் வசந்த காலத்துக்கும் இலையுதிர் காலத்துக்கும் பல மாதம் முன்பே தீர்ந்துவிடும். ஏடிவி, யுடிவி எனப்படும் கரடுமுரடான பாதைக்கான சிறு வண்டிகளுக்குப் பூங்காவில் அனுமதியில்லை. நாயை வண்டிக்குள்ளேயே வைத்திருந்தாலும் இந்தத் தடத்தில் விடமாட்டார்கள். வளர்ப்புப் பிராணியோடு வருகிறவர்கள் ஒயிட் ரிம்மைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

இன்னொரு சிக்கல் மேற்குப் பக்கம். வசந்தத்தின் பிற்பகுதியில் மலைப்பனி உருகி கிரீன் ஆறு பெருகினால், ஹார்ட்ஸ்கிராபிளை ஒட்டிய தாழ்வான பகுதி தண்ணீரில் மூழ்கும். அப்போது வட்டத்தை முடிக்க முடியாது, வந்த வழியே முழுத் தூரமும் திரும்ப வேண்டும். மினரல் பாட்டம் வளைவுகளையே 2010 ஆகஸ்ட் வெள்ளம் அடித்துக்கொண்டு போய், சாலையைத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. புறப்படும் காலையில் பூங்கா அலுவலகத்தில் சாலை நிலவரம் கேட்காமல் இறங்க வேண்டாம். உள்ளே வண்டி நின்றுபோனால் இழுத்து வர 1,000 டாலருக்கு மேல் ஆகும்.

எலிஃபண்ட் ஹில்

இது அதே பூங்காவின் நீடில்ஸ் பகுதியில், மோவாபிலிருந்து ஒன்றரை மணி நேரம் தள்ளி. பாறைப் படிகள், உருளும் கற்கள், கூர்மையான வளைவுகள். ஒரு வளைவில் திரும்பவே இடம் கிடையாது: முன்பக்கமாக ஒரு சிறு திட்டில் ஏறி நின்று, அங்கிருந்து ரிவர்ஸிலேயே அடுத்த பகுதியை இறங்கிய பிறகுதான் நேராக முடியும். ஸ்க்வீஸ் பிளே என்று பெயர் வாங்கிய சந்தில் வண்டியின் இருபுறமும் பாறை. கண்ணாடியை மடக்காமல் போனால் கழற்றிக்கொடுத்துவிட்டுத்தான் வரவேண்டும்.

இங்கே பழுதாவது பெரும்பாலும் இரண்டு வகை. படி இறங்கும்போது பின்பம்பரும் இழுகொக்கியும் பாறையில் உட்காருவது. டயரின் பக்கச்சுவர் கூரான விளிம்பில் கிழிவது. பக்கச்சுவர் கிழிந்தால் பஞ்சர் பிளக் நிற்காது, முழு அளவு ஸ்டெப்னி வேண்டும். வெளியே ஒருவர் நின்று கையால் வழிகாட்டாமல் ஓட்டக் கூடாத தடம் இது. வழிகாட்டுகிறவர் ஒரே ஒருவராக இருக்கட்டும்; மூன்று பேர் மூன்று திசையில் கை ஆட்டினால் ஓட்டுநர் யாரைப் பார்ப்பது? பகல் பர்மிட் ஒரு நாளைக்கு 24 வண்டிகளுக்குத்தான்.

ஆழமான பள்ளத்தாக்கைப் பார்க்க வருகிறவர்களுக்கு இதைச் சொல்வதில்லை. கல்லூசிக் கோபுரங்கள் அழகுதான், ஆனால் அவற்றை நடந்தே இதைவிட நிதானமாகப் பார்க்கலாம். ஓட்டுவதே இன்பம் என்பவர்களுக்கு மட்டும்.

ஹெல்ஸ் ரிவெஞ்ச்

பூங்காவுக்கு வெளியே, ஊரை ஒட்டிய சாண்ட் ஃபிளாட்ஸ் பகுதியில் 6.5 மைல் தடம். பழங்கால மணல்மேடுகள் இறுகிக் கல்லான நவஹோ மணற்பாறையின் முதுகு மேலேயே ஓட்டம். பாறையில் வரைந்த தீச்சுடர் குறிகள்தான் வழி. தொடக்கத்திலேயே குறுகலான முதுகு ஒன்றில் ஏற வேண்டும். பானட்டுக்கு மேலே வானம் மட்டும்தான் தெரியும். அந்த ஏற்றமே பரீட்சை. அங்கே கை நடுங்கினால் திரும்பிவிடுவதில் வெட்கமில்லை.

வழுக்குப்பாறை என்று பெயர் வைத்திருக்கிறார்கள், உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போல டயரைப் பிடித்துக்கொள்ளும். லாடம் கட்டிய குதிரைகளுக்குத்தான் அது வழுக்கியது. மணல் தூவிக் கிடந்தாலோ மழையில் நனைந்தாலோ மட்டும் பெயருக்கு ஏற்றபடி நடந்துகொள்ளும். விதி ஒன்றுதான்: சரிவை நேராக ஏறு, நேராக இறங்கு. ஹெல்ஸ் கேட், ஹாட் டப் குழிகள், டிப்-ஓவர் சேலஞ்ச் போன்ற பேர்போன இடங்கள் எல்லாம் விருப்பத் தேர்வுகள், சுற்றிப் போக வழி உண்டு.

நீண்ட வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம்) உள்ள பிக்கப் வண்டிகளுக்கு இது பொருந்தாது; முதுகின் உச்சியில் வண்டியின் வயிறு தட்டி முன்னும் பின்னும் அந்தரத்தில் நிற்கும். அடிக்கவசம் உள்ள குட்டை ஜீப், அல்லது யுடிவி. பூங்காவில் நுழைய முடியாத யுடிவிகள் எல்லாம் இங்கேதான் வருகின்றன, அதனால் இரைச்சலுக்கும் தூசிக்கும் தயாராக வர வேண்டும். நாய்க்கும் அனுமதி உண்டு. காட்சி? ஓரிடத்தில் கொலராடோ ஆற்றை எட்டிப் பார்க்கலாம், லா சால் மலைகள் தெரியும். மற்ற நேரமெல்லாம் கண் அடுத்த பாறையில்தான்.

காற்றும் வாடகை வண்டியும்

டயரில் ஷோரூம் அளவான 35 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தோடு மண்ணில் இறங்குவது நாலு தடத்திலும் நடக்கும் பொதுத் தவறு. ஷேஃபருக்கு 25 போதும். ஒயிட் ரிம்முக்கும் ஹெல்ஸ் ரிவெஞ்சுக்கும் 18 முதல் 20. காற்று குறைந்தால் டயர் தட்டையாகிப் பாறையை அகலமாகப் பிடிக்கும், குலுக்கலும் குறையும். 15க்குக் கீழே போனால் சாதாரண ரிம்மிலிருந்து டயரின் விளிம்பு கழன்றுகொள்ளும். குறைந்த காற்றோடு தார்ச்சாலையில் வேகமெடுத்தால் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கலாம். ஆகவே 12 வோல்ட் கம்ப்ரசர் ஒன்றும் அளவுமானியும் கையில் இல்லாமல் காற்றை இறக்க வேண்டாம்.

விமான நிலையத்தில் எடுக்கும் சாதாரண வாடகை எஸ்யூவியின் ஒப்பந்தத்தில் மண் சாலைக்கே பெரும்பாலும் தடை இருக்கும். கீறல் விழுந்தால் காப்பீடு கைவிரிக்கும். மோவாபில் ஜீப் வாடகைக்கு விடும் கடைகள் தடத்துக்கு அனுமதி தருகின்றன, ஆனால் எந்தெந்தத் தடம் என்று பெயர் சொல்லி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆல் வீல் டிரைவ் என்று எழுதியிருப்பதை ஃபோர் வீல் டிரைவ் என்று எடுத்துக்கொண்டு ஒயிட் ரிம்மில் இறங்குவதும் நடக்கிறது. லோ ரேஞ்ச் நெம்பு அல்லது பொத்தான் இருக்கிறதா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள்.

மார்ச் முதல் மே, செப்டம்பர், அக்டோபர் நல்ல காலம். ஈஸ்டரை ஒட்டிய வாரம் மட்டும் விதிவிலக்கு: 1967 முதல் அந்த வாரத்தில் ஜீப் சஃபாரி நடக்கிறது, ஊரில் அறை கிடைக்காது, ஹெல்ஸ் ரிவெஞ்சில் வரிசையில் நிற்க வேண்டும். கோடையில் 38 டிகிரியைத் தாண்டும். ஜூலைக்குப் பிறகு பிற்பகல் இடிமழை வரும். தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும் எங்கோ மேலே பெய்த மழை வறண்ட ஓடையில் இறங்கி வரும். ஓடை மணலில் வண்டியை நிறுத்திச் சாப்பிட உட்காராதீர்கள். ஏறிக் கரைமேல் நிறுத்துங்கள். செந்நீர் ஓட ஆரம்பித்துவிட்டால் கடக்கப் பார்க்க வேண்டாம், பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும்.