கைகால் எரிவுக்குக் கொரியாக் குளுசை: யாருக்குச் சரி?

கொரியாவில் வேலை செய்யும் பிள்ளைகளின் பார்சலில் சில நேரம் ஒரு கறுப்பு உருண்டைக் குளுசை வந்து சேரும். பேர் யுக்மிஜிஹ்வாங்ஹ்வான். சாமத்தில் உள்ளங்கால் எரிந்து, காலைச் சீமெந்து நிலத்தில் வைத்து ஆற்றுகிறவர்களில் சிலருக்கு இது பொருந்தும். எல்லாருக்கும் அல்ல.

சரக்கு ஆறு. அவித்துக் காயவைத்துக் கறுத்த ஜிஹ்வாங் கிழங்கு 8 பங்கு, புளிக்கும் சான்சுயு பழம் 4, மலைவள்ளிக் கிழங்கு 4, மோக்தான் வேர்ப்பட்டை, பைன் வேரில் வளரும் ஒரு காளான், தெக்சா கிழங்கு தலா 3. சொங் அரச வம்ச காலத்துச் சீனக் குழந்தை வைத்தியர் சியான் யீ, பழைய எட்டுச் சரக்குக் குளுசையிலிருந்து சூடான இரண்டை, அதாவது கறுவாவையும் ஒரு நச்சுக் கிழங்கையும், எடுத்துவிட்டுச் செய்தது இது. ஆகவே பெட்டியைப் பாருங்கள். ‘பல்மி’ என்றிருந்தால் அந்த எட்டுச் சரக்குக் குளுசைதான். குளிர்ந்த காலுக்கு உரியது. எரிகிற காலுக்கு அதைக் கொடுப்பது எரிகிற அடுப்பில் விறகு தள்ளுகிற மாதிரி.

கொரிய வைத்தியக் கணக்கு இப்படி: உடம்பின் ஈரம் வற்றினால் இரவில் அடங்க வேண்டிய சூடு அடங்காது, இரண்டு உள்ளங்கை, இரண்டு உள்ளங்கால், நெஞ்சு என்று ஐந்து இடத்தில் எரியும். கூடவே வாய் காயும், நித்திரையில் வியர்க்கும், நாக்கு சிவந்து மாவு படியாமல் இருக்கும். நாக்கில் மஞ்சள் மாவு தடித்து, கால் பாரமாக இருந்தால் இந்தக் குளுசை வேண்டாம். ஜிஹ்வாங் அதைக் கூட்டும்.

பெரிய குறை இரண்டு. ஜிஹ்வாங் வயிற்றில் பாரமாக இருக்கும். வெறும் வயிற்றில் எடுத்து வயிறு ஊதினால், இளகிப் போனால், சாப்பாட்டுக்குப் பிறகு எடுங்கள், அப்படியும் நிற்காவிட்டால் விடுங்கள். மற்றது, பல தயாரிப்புகள் தேனில் உருட்டியவை. மாரி காலத்தில் திறந்த பக்கெட் ஒட்டிப் பூஞ்சணம் பிடிக்கும். மூடி இறுகிய போத்தலில் போட்டுப் பிரிட்ஜில் வையுங்கள். சீனி வருத்தக்காரர் அந்தத் தேனையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

குளுசையைத் தொடங்குவதற்கு முதல் இரத்தச் சோதனை. வெறும் வயிற்றுச் சீனி 126 mg/dL அல்லது அதற்கு மேல் என்றால் எரிவுக்குக் காரணம் நரம்பாக இருக்கலாம்; அதற்கு இது மருந்தல்ல. சீனி வருத்தத்துக்கு மெட்போமின் குளுசை நெடுநாள் எடுப்பவர்களுக்கு பி12 குறைந்தும் கால் எரியும். கிளினிக் கொப்பியோடு போய் அதையும் கேளுங்கள். உணர்வு மரத்த காலை ஐஸ்தண்ணியில் வைக்கவே வேண்டாம், தோல் செத்தாலும் தெரியாது.