அம்மாவுக்கு எத்தனை பக்கம்?

பாட்டி, அம்மா, மகள் என்று தலைமுறை தலைமுறையாகப் பெண்களைத் தொடரும் தடித்த புத்தகங்களில் இப்போதைக்கு ஒன்றுதான் படிக்க நேரம் இருக்கிறதென்றால் எதை எடுப்பது? இசபெல் அயெந்தே 1982-இல் வெளியிட்ட 'தி ஹவுஸ் ஆஃப் த ஸ்பிரிட்ஸ்' ஒரு பக்கம். யுங் சாங்கின் 'வைல்ட் ஸ்வான்ஸ்' (1991) இன்னொரு பக்கம். முதலாவது நாவல், மற்றது சீனாவில் நிஜமாகவே வாழ்ந்த மூன்று பெண்களின் கதை: யுங் சாங்கின் பாட்டி, அம்மா, பிறகு அவரே.

படிக்கிற சுகத்தில் அயெந்தேதான் முந்துகிறார். பச்சை முடியோடு பிறந்த ரோசா, அவள் இறந்தபின் ஒன்பது வருஷம் வாயே திறக்காத தங்கை கிளாரா என்று முதல் அத்தியாயமே ஆளை இழுத்துப் போட்டுவிடும். பெயர்க் குழப்பமும் இல்லை. அப்பன் பெயரையே மகனுக்கும் வைத்தால் தன் குறிப்பேடுகளில் குழப்பம் வரும் என்று கிளாரா மறுத்துவிடுகிறாள். தலைமுறை நாவல் படித்து நொந்தவர்கள் அவளுக்குக் கோயிலே கட்டலாம்! 'வைல்ட் ஸ்வான்ஸ்' படிக்கும்போது முன்பக்கத்து வம்சாவளிப் படத்தை நான் புரட்டிக்கொண்டே இருந்தேன்.

ஆனால் இந்த வகைப் புத்தகங்களை நான் எடைபோடுவது நடுவில் இருக்கும் அம்மாவை வைத்து. பாட்டிக்கு மாயம் கிடைத்துவிடும், பேத்திக்குப் பேனா. அம்மா? அயெந்தேயின் பிளாங்கா காதலிக்கிறாள், காத்திருக்கிறாள், களிமண்ணில் விசித்திர மிருகங்கள் செய்கிறாள். அவ்வளவோடு மங்கிவிடுகிறாள். போதாக்குறைக்கு, பெண்கள் கதைக்குள் கிளாராவின் கணவர் எஸ்தேபான் த்ருவேபா வேறு 'நான்' என்று குறுக்கே வந்து பேசுவார். எரிச்சலாக இருக்கும். ஆனால் பண்ணையில் அவர் செய்த அட்டூழியம் கடைசியில் பேத்தி அல்பாவின் தலையில் விடியும்போது, அந்தக் குரல் ஏன் தேவைப்பட்டது என்று புரிகிறது.

யுங் சாங்கிடம் அம்மாதான் முதுகெலும்பு. 1988-இல் மகளைப் பார்க்க லண்டன் வந்த அம்மா பேசப் பேச, அறுபது மணி நேரம் ஒலிநாடாவில் பதிவானது. பாதம் சிறுத்திருக்க வேண்டும் என்று பாட்டிக்கு இரண்டு வயதில் பாதங்களைத் துணியால் இறுக்கிக் கட்டி, வளைவை நொறுக்க மேலே பெரிய கல்லை வைத்த காட்சியை யாரும் மறக்க மாட்டார்கள். எனக்கு அதைவிட அதிகம் உறுத்தியது அம்மாவின் நடைப்பயணம். கணவருக்குப் பதவி உண்டு, ஜீப் உண்டு. மனைவிக்கு அந்தத் தகுதி இன்னும் வரவில்லை என்பதால், கம்யூனிஸ்ட் கட்சி ஒழுங்கை மீறமாட்டேன் என்று அவளை ஏற்றிக்கொள்ள மறுக்கிறார். அவள் மூட்டையோடு நடக்கிறாள். கர்ப்பமாக இருப்பது அவளுக்கே தெரியாது. நான்ஜிங்கில் கரு கலைகிறது. எந்த ஆவியும் உதவிக்கு வருவதில்லை.

மாவோ காலத்துக் கலாசாரப் புரட்சிப் பகுதி நீளம்தான், நடுவில் சலிக்கும். இருந்தாலும் ஒன்றுதான் என்றால் நான் 'வைல்ட் ஸ்வான்ஸை'த்தான் கையில் கொடுப்பேன். ராத்திரி தூக்கத்துக்கு முன் படிப்பவர் என்றால் மட்டும் அயெந்தே.