டனும் பள்ளத்தாக்கில் எங்கே தங்குவது: விடுதியிலா, ஆய்வு நிலையத்திலா?

போர்னியோ தீவில், மலேசியாவின் சபா மாநிலத்தில், 438 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்துகிடக்கும் டனும் பள்ளத்தாக்கு மழைக்காட்டுக்குச் செல்லத் திட்டமிடுவோர் பெரும்பாலும் தடுமாறுவது இரண்டு இடங்களுக்கு இடையேதான்: 1994இல் திறக்கப்பட்ட போர்னியோ ரெயின்ஃபாரஸ்ட் லாட்ஜ், 1986 முதல் இயங்கிவரும் டனும் ஆய்வு நிலையம். இரண்டுமே சபா அறக்கட்டளையின் குடைக்கீழ் வருபவை. எங்கு தங்கினாலும் லாஹாட் டத்து நகரிலிருந்து சுமார் இரண்டு மணி நேரமாவது காட்டுச் சாலையில் குலுங்கித்தான் போயாக வேண்டும்.

விடுதியில் நீங்கள் செலுத்தும் பணத்துக்குள் ஆற்றங்கரை மரவீடு, மூன்று வேளைச் சாப்பாடு, வழிகாட்டி எல்லாம் அடங்கிவிடும். இவற்றுள் வழிகாட்டியின் கண்ணுக்குத்தான் உண்மையான மதிப்பு. நாம் வெறும் இலைக்குவியலாகக் கடந்துபோகும் ஒன்றை, ஓராங் உட்டான் உறங்கி எழுந்த கூடு என்று அவர் சுட்டிக்காட்டுவார். தரையிலிருந்து சுமார் 27 மீட்டர் உயரத்தில் மரங்களுக்கு நடுவே கட்டியிருக்கும் தொங்குபாலத்தில் விடியற்காலையில் நடப்பது, முதியவர்களுக்கும் எட்டக்கூடிய அனுபவம்.

ஆய்வு நிலையத்தில் இந்த உபசரிப்பை எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் பொதுக்கூடத்தில் ஒரு கட்டில் போதும் என்பவருக்கு, விடுதியில் ஓரிரவுக்கு ஆகும் தொகையில் இங்கே பல நாள் தங்க முடியும். செகாமா ஆற்றின் மீதுள்ள தொங்குபாலத்தைத் தாண்டினால் நீண்ட காட்டுப் பாதைகள் தொடங்குகின்றன. சாப்பாட்டு மேசையில் எதிரே அமர்பவர் சாணவண்டுகளை ஆராய வந்தவராக இருக்கலாம்.

இந்த மலிவு, விலங்குகளைக் காணும் வாய்ப்பையும் கூட்டுகிறது என்பது என் கணிப்பு. இக்காட்டின் பெருமரங்கள் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒழுங்கற்ற இடைவெளியில், ஒன்றாகக் காய்க்கின்றன. மற்ற காலங்களில் எந்த அத்தி பழுத்திருக்கிறதோ அங்கேதான் ஓராங் உட்டான் வரும் என்பதால், இரண்டு இரவில் திரும்புகிறவரைவிட ஐந்து நாள் காத்திருப்பவருக்கே அது கண்ணில் படும்.

சூழலுக்கு எது உகந்தது? நீரும் மின்சாரமும் குறைவாகச் செலவாவது பொதுக்கூடக் கட்டிலில்தான் என்பதற்குக் கணக்குப் போட வேண்டியதில்லை. ஆயினும், வெட்டாத காடும் வருவாய் தரும் என்று காட்டுவது விடுதிதான். அதை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை.

அட்டைகள் பேதம் பார்ப்பதில்லை. தரையில் ஊரும் பழுப்பு அட்டை கடித்ததே தெரியாது; இலைநுனியில் காத்திருக்கும் வரி அட்டையோ சுருக்கென்று குத்தும். முழங்கால்வரை இழுத்துக் கட்டும் அட்டைக் காலுறை இரண்டு இடத்துக்கும் வேண்டும். பெற்றோருடனோ முதல் முறையாகவோ செல்பவர்கள் விடுதிக்கே போகட்டும். தனியாகச் செல்பவருக்கு நான் ஆய்வு நிலையத்தையே சொல்வேன். படுக்கையோடு வாகனத்தையும் முன்கூட்டியே உறுதிசெய்துகொண்டு லாஹாட் டத்துவில் இறங்குவது நல்லது.