தூண் இல்லாத முகப்பு: ஏழடி கேன்டிலீவர் பால்கனியோடு பத்தாண்டு

எங்கள் கோவை வீட்டின் முதல் தளத்துப் பால்கனி, கீழே ஒரு தூணும் இல்லாமல், முகப்பில் ஏழடி வெளியே நீண்டு நிற்கிறது. குடிவந்து பத்தாண்டு கடந்துவிட்டது. ஒரு முனை மட்டும் பிடிக்கப்பட்டு மறுமுனை அந்தரத்தில் நிற்கும் இந்தக் கேன்டிலீவர் அமைப்பு எப்படி உழைத்தது, எங்கே செலவு வைத்தது என்பதை வீடு கட்டவிருப்போருக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன். மனை முப்பதடி அகலம்தான்; முகப்பில் இரண்டு தூண் நிறுத்தினால் காரை ஒரே வீச்சில் உள்ளே திருப்ப முடியாது என்பதே இதைத் தேர்ந்ததற்குக் காரணம். அழகு அதற்கு அடுத்துத்தான்.

முதலில் ஐந்தடி போதும் என்றுதான் வரைபடம் போட்டிருந்தோம். ஏழடியாக்கக் கேட்டபோது, இரண்டடிதானே கூடுகிறது என்று எண்ண வேண்டாம் என்றார் பொறியாளர். பாரம் சீராகப் பரவியிருக்கும்போது, பால்கனி சுவரோடு சேரும் இடத்தில் ஏற்படும் மொமென்ட், அதாவது அதை வளைக்கப் பார்க்கும் விளைவு, நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். எனவே அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆழம் மாறாவிட்டால் நுனி தாழும் அளவோ நீளத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடி, ஏறக்குறைய நான்கு மடங்காகும். கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 விதித்தொகுப்பு, இருமுனையும் தாங்கப்பட்ட பீமுக்கு நீளம்–ஆழ விகிதத்தின் அடிப்படை அளவாக 20 என்று சொல்கிறது; கேன்டிலீவருக்கு அது 7 மட்டுமே, அதாவது அதே நீளத்துக்கு ஆழம் மிகுதியாக வேண்டும். வெறும் ஸ்லாபாகவே நீட்டினால் சுவரருகே அது ஓரடி கனத்தை நெருங்கும் என்பதால், மூன்று பீம்களை நீட்டி அவற்றுக்கிடையே மெல்லிய ஸ்லாப் போடுவது என்று முடிவாயிற்று. பீமின் ஆழம் சுவரருகே 450 மில்லிமீட்டர், நுனியில் 230.

வெளியே தெரிவது ஏழடிதான் என்றாலும், அந்த பீம்கள் வீட்டுக்குள் பன்னிரண்டடி பின்னோக்கிச் சென்று நடுச்சுவருக்குக் கீழே நிற்கும் தூண்களில் சேர்கின்றன. ஏற்றத்தின் துலாவுக்குப் பின்பக்கம் கல் கட்டுவதைப் போல, அந்தச் சுவரின் எடைதான் முன்பக்கத்தைப் பிடித்து நிறுத்துகிறது. அதனால்தான் மேல்தளச் சுவர் எழும்பி, கூரை கான்கிரீட்டும் போட்டு முடியும்வரை பால்கனியின் முட்டுகளைப் பொறியாளர் எடுக்க விடவில்லை. ஆறு மீட்டருக்கு உட்பட்ட பீமுக்கு 14 நாளில் முட்டு எடுக்கலாம் என்று விதியிருக்கிறதே, வாடகை ஏறுகிறதே, அடுத்த வேலைக்கு முட்டு வேண்டுமே என்று ஒப்பந்தக்காரர் நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் எடுத்தபோதும் நுனியிலிருந்து தொடங்கிச் சுவரை நோக்கி வரிசையாகத்தான் எடுக்க வைத்தார்கள். சுவரருகே உள்ளதை முதலில் தட்டிவிட்டால், நுனியில் நிற்கும் முட்டே தாங்கியாகி, பீம் கணக்கில் இல்லாத விதமாக வளையும். கான்கிரீட் வார்ப்பதற்கான பலகை அச்சாகிய சென்டரிங் அடிக்கும்போதே நுனியை 10 மில்லிமீட்டர் உயர்த்தி வைத்ததும் நினைவிருக்கிறது. இந்த நீளத்துக்கு, நீளத்தில் 250-இல் ஒரு பங்கு என்று கணக்கிட்டால் எட்டரை மில்லிமீட்டர்வரை தாழ்வதை விதி ஏற்கிறது.

இவ்வளவு எச்சரிக்கை மிகையோ என்று தோன்றினால், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஃபிராங்க் லாய்டு ரைட் 1930-களில் வடிவமைத்த ஃபாலிங்வாட்டர் வீட்டைப் பார்க்கலாம். ஓடையின்மேல் 15 அடி நீண்ட அதன் மாடங்கள், சென்டரிங் பிரித்ததுமே தாழத் தொடங்கி, பின்னர் ஏழு அங்குலம்வரை இறங்கின. 2002-இல் எஃகு வடங்களை இழுத்துக் கட்டித்தான் அந்தத் தாழ்வை நிறுத்தினார்கள். உலகப் புகழ் பெற்ற வீட்டுக்கே இந்த நிலை.

எங்கள் பால்கனி முதல் இரண்டு ஆண்டுகளில் சில மில்லிமீட்டர் தாழ்ந்தது. டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாய்) வைத்துப் பார்த்தால் மட்டுமே தெரியும் அளவு அது. அதன்பின் அளக்கத்தக்க மாற்றம் இல்லை. கான்கிரீட் நிலையான பாரத்தின்கீழ் மெல்ல மெல்ல அமுங்குவதால் தொடக்க ஆண்டுகளில் இவ்வாறு தாழ்வது இயல்பு. பக்கவாட்டுக் கைப்பிடிச் சுவர் வீட்டுச் சுவரோடு சேரும் இடத்தில் மட்டும் செங்குத்தாக மயிரிழை விரிசல் விட்டது. அதைச் சிமென்டால் பூசினால் மீண்டும் விடும். இளகும் தன்மையுள்ள சீலன்ட் அடைத்தபின் தொல்லையில்லை.

உண்மையான தொல்லை தண்ணீரால் வந்தது. சாதாரண ஸ்லாபின் நடுப்பகுதியில் இழுவிசை அடியில் இருக்கும்; கேன்டிலீவரில் அது மேலே, அதுவும் சுவரை ஒட்டிய இடத்தில் உச்சம். ஆகவே விரிசல் விடுவதும் மேலேதான், முக்கியக் கம்பி இருப்பதும் மேலேதான், மழைநீர் நிற்பதும் மேலேதான். நான்காம் ஆண்டு வடகிழக்குப் பருவமழைக்குப்பின் கார் நிறுத்தும் இடத்தின் கூரையில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. டைல்ஸைப் பெயர்த்தபோது, பால்கனிக் கதவின் நிலையை ஒட்டிச் சுவருக்கு இணையாக ஒரு மெல்லிய விரிசல் ஓடியது. கம்பி துருப்பிடிக்கவில்லை. விரிசலை அடைத்து, நீர்த்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாத்தி கட்டி ஒருநாள் தண்ணீர் நிறுத்திப் பார்த்தபிறகே, அடிக்கு 3 மில்லிமீட்டர் சரிவோடு புது டைல்ஸ் பதித்தோம். முன்பு சரிவே இல்லை. நுனியின் அடிப்பக்கத்தில் மழைநீர் சொட்டி விழ ஒரு காடி விட வேண்டியதையும் பூச்சு வேலையின்போது விட்டுவிட்டிருந்தார்கள். அதற்கு ஈடாக ஒரு பிவிசி பட்டையை ஒட்டியதும் அடிப்பக்கக் கறை நின்றது. கடற்கரை ஊர்களில் இதே விரிசல் இவ்வளவு மலிவாக முடிந்திருக்காது. அங்கே ஐ.எஸ். 456 எம்30 என்ற வலிமைத் தரத்துக் கான்கிரீட்டும், கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட் கனமான கவர் 45 மில்லிமீட்டரும் கேட்பது சும்மா இல்லை.

எல்லாரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்த ஏழடி பால்கனி நன்றாக நிற்க, யாரும் பொருட்படுத்தாத இரண்டடி சன்ஷேடுகளில் இரண்டு சுவரோரமாக வெடித்தன. ஒன்றை உடைத்துப் பார்த்ததில் மேலே இருக்க வேண்டிய கம்பி ஏறக்குறைய அடிவரை இறங்கிக் கிடந்தது. பீமில் மேல்கம்பியை ஸ்டிரப்புகள், அதாவது கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையங்கள், தூக்கிப் பிடிக்கும். மூன்று அங்குலக் கனமுள்ள சன்ஷேடில் அப்படி எதுவும் இல்லாததால், கான்கிரீட் போடும்போது அதன்மேல் ஏறி மிதித்தால் கம்பி அமுங்கிவிடும். ஓர் அங்குலம் இறங்கினாலே வலிமையில் ஏறக்குறைய பாதி காணாமல் போகிறது. கம்பியைத் தூக்கி நிறுத்தும் ‘சேர்’ என்ற சிறு தாங்கிகளை அதன்கீழ் வைத்தார்களா என்று பார்க்க ஓர் அளவுகோலும் ஐந்து நிமிடமும் போதும்.

பயன் என்று பார்த்தால், கார் நிறுத்துவது எளிது. சாரல் மழையில்கூட வாசல் திண்ணை நனைவதில்லை. தெற்குப் பார்த்த வீடு என்பதால் மார்கழி, தை மாதங்களின் உச்சிவெயிலையும் பால்கனி தடுக்கிறது. மேற்கு முகப்பாக இருந்தால் சாய்ந்து வரும் மாலை வெயிலுக்கு எத்தனை அடி நீட்டினாலும் பெரும்பயன் இராது. பிள்ளைகள் ஒன்றாகக் குதித்தால் நுனியில் மெல்லிய அதிர்வு காலுக்குத் தெரியும். ஆபத்தில்லை என்றாலும் விருந்தினர் சிலர் திடுக்கிடுவார்கள்.

பாரத்தில் மட்டும் நாங்கள் கறாராக இருக்கிறோம். கட்டடங்கள் தாங்க வேண்டிய பாரங்களைச் சொல்லும் தரநிலையான ஐ.எஸ். 875 பால்கனிக்கு வைக்கும் பாரம் சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ. ஒன்றரை அடி அகலச் சிமென்ட் தொட்டியில் ஈரமண் நிரப்பினால் ஒன்றே நூறு கிலோவைத் தாண்டும் என்பதால், பெரிய தொட்டிகள் சுவரோரம், சிறியவை நுனியில். பால்கனியை அறையாக்கிவிடலாம் என்ற பேச்சு வீட்டில் எழுந்தபோது மறுபடி அதே பொறியாளரைக் கேட்டோம். நுனியில் பத்தடி உயரத்துக்கு ஒன்பது அங்குலச் செங்கற்சுவர் வைத்தால் மீட்டருக்கு 1,300 கிலோ ஏறும், வேண்டவே வேண்டாம் என்றார். அலுமினியச் சட்டத்தில் கொசுவலை அடித்துக்கொண்டோம். மீட்டருக்குச் சில கிலோதான் கூடியது.