வீட்டு மாவு வியாபாரத்தில் 10 லிட்டர் டில்டிங் கிரைண்டர்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

கோயம்புத்தூரில் கிரைண்டர் வாங்க யோசனை கேட்டால் தெருவுக்கு நாலு பேர் சொல்வார்கள். 1955-இல் பி. சபாபதி மின்சாரத்தில் ஓடும் கிரைண்டரை உருவாக்கியது இங்கேதான். 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. ஆனால் அந்த நாலு பேரும் சொல்வது வீட்டுச் சமையலுக்கான யோசனை. வீட்டிலிருந்தே இட்லி மாவு ஆட்டி விற்பவருக்கு இந்த இயந்திரம் எதுவரைக்கும் உதவும் என்பது வேறு கேள்வி. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 10 லிட்டர் டில்டிங் கிரைண்டர், அதாவது டிரம்மைச் சாய்த்து மாவை எடுக்கும் வகை. ஒரு குதிரைத்திறன் மோட்டார், வீட்டில் வரும் சிங்கிள் ஃபேஸ் மின்சாரமே போதும். வாங்கிய விலை 28,000 ரூபாய். அதற்கு முன் 2 லிட்டர் டேபிள் டாப் இரண்டை மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தேன். அவை வீட்டு உபயோகத்துக்குச் செய்தவை. தினமும் மணிக்கணக்கில் ஓட்டினால் மோட்டார் சூடேறி, மாவும் சூடாகி, சீக்கிரம் புளிக்கும்.

முதலில் லிட்டர் கணக்கு. 10 லிட்டர் என்பது டிரம்மின் கொள்ளளவு. ஊறிய அரிசியும் தண்ணீரும் குழவியும் சேர்ந்து அதற்குள் புரள வேண்டும். ஒரு ஈடுக்கு, அதாவது ஒரு தடவை ஆட்டுவதற்கு, 3 கிலோ அரிசி போட்டால் நிம்மதியாக ஆடும், 4 கிலோ போட்டால் விளிம்பில் வழியும். உளுந்து இன்னும் கண்டிப்பானது. நல்ல உளுந்தாக இருந்து தண்ணீரைத் தெளித்துத் தெளித்து ஆட்டினால் பொங்கி மேலே வரும். அதனால் 3 கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ உளுந்து என்று வைத்துக்கொண்டேன். இரண்டும் சேர்த்து 9 கிலோ மாவு, கழுவுவதையும் சேர்த்து ஒரு ஈடுக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. காலையில் மூன்று ஈடு ஆட்டினால் 27 கிலோ. கடையில் இயந்திரத்தைக் காட்டியவர் சொன்ன அளவு இதைவிட மிக அதிகம். வாங்கப் போகிறவர்கள் லிட்டரைக் கேட்காதீர்கள், "ஒரு ஈடுக்கு எத்தனை கிலோ காய்ந்த அரிசி?" என்று கேளுங்கள்.

மாவின் தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உளுந்து பஞ்சு போல வருகிறது, டிரம்மைச் சாய்த்து அப்படியே போசியில் (பாத்திரத்தில்) வழித்துக்கொள்ளலாம், இடுப்பு தப்பியது. புதுக் கல்லில் மட்டும் நொய்யரிசி போட்டு இரண்டு மூன்று முறை ஆட்டிக் கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் மாவில் நறநறக்கும். நாள்பட ஓடினால் கல் வழுவழுப்பாகி அரைக்கும் நேரம் நீளும். அப்போது கல் கொத்துபவரைக் கூப்பிட வேண்டும். பெல்ட் தளர்ந்தால் டிரம் திணறும், கெபாசிட்டர் போனால் மோட்டார் உறுமும் ஆனால் சுற்றாது. இரண்டுமே சின்னச் செலவுதான். ஒரு பெல்ட்டையும் ஒரு கெபாசிட்டரையும் வாங்கி வீட்டிலேயே வைத்திருங்கள். விடிகாலை நாலரைக்கு எந்தக் கடையும் திறந்திருக்காது.

சத்தம் இருக்கிறது. அடியில் ரப்பர் மேட் போட்டுச் சுவரிலிருந்து தள்ளி வைத்தால் பாதி குறையும். மாடி வீடாக இருந்தால் கீழ் வீட்டாரோடு முதலில் பேசிவிடுவது நல்லது. எங்கள் கீழ் வீட்டுப் பாட்டிக்கு வாரம் ஒரு கிலோ மாவு இலவசம், அதையும் செலவுக் கணக்கில் எழுதித்தான் வைத்திருக்கிறேன்!

மின்சாரம் பயமுறுத்தவில்லை. ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். மோட்டாரின் இழப்பையும் சேர்த்து மணிக்கு ஒரு யூனிட் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு தப்பாது. இலவச யூனிட் கிடைக்கும் வீட்டு இணைப்பிலேயே வியாபாரத்தையும் ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள், அது விதிப்படி சரியல்ல. குடிசைத் தொழில், குறுந்தொழில்களுக்கு மின்வாரியத்தில் தனிக் கட்டணப் பிரிவு இருக்கிறது. விசாரித்துத் தனி மீட்டர் வாங்கிக்கொண்டால், தொழிலுக்கு ஆகும் மின்செலவு தனியாகத் தெரியும் என்ற லாபமும் உண்டு.

இயந்திரம் வந்ததும் ஆட்டும் வேலை பாதியானது. ஆனால் விற்பனை உயரவில்லை. காரணம் ஃபிரிட்ஜ்.

27 கிலோ மாவை ஆட்டிவிடலாம். அதை எங்கே வைப்பது? வீட்டு ஃபிரிட்ஜில் பாலையும் காய்கறியையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு அடுக்கினாலும் ஒரு கிலோ பாக்கெட் பதினைந்துக்கு மேல் நிற்காது. மிச்சம் வெளியே இருக்கும். மார்கழிக் குளிரில் பரவாயில்லை. சித்திரை வைகாசியில் மதியத்துக்குள் பாக்கெட் உப்பிக்கொள்ளும், சாயங்காலம் வாங்குபவர் முகம் சுளிப்பார். அதுவரை கிரைண்டர்தான் முட்டுக்கட்டை என்று தோன்றியது. அந்தக் கட்டை விலகியதும், அடுத்தது எங்கே கிடக்கிறது என்று தெரிந்தது. அப்புறம்தான் காசுக் கணக்கை ஒழுங்காகப் போட்டுப் பார்த்தேன்.

ஒரு ஈட்டுக்கு இட்லி அரிசி 3 கிலோ 156 ரூபாய், உளுந்து முக்கால் கிலோ 105 ரூபாய், வெந்தயமும் உப்பும் 6 ரூபாய். ஆக 267. இதில் 9 கிலோ மாவு, கிலோவுக்கு ஏறக்குறைய 30 ரூபாய். கவர், ஸ்டிக்கர், மின்சாரம், பெட்ரோல் சேர்ந்தால் 36. விற்பது 50 ரூபாய்க்கு. மிஞ்சும் 14-இல் கிலோவுக்கு 2 ரூபாயை இயந்திரத்துக்கென்று தனி டப்பாவில் போடுகிறேன். 14,000 கிலோ விற்றால் கிரைண்டர் விலை திரும்பிவிடும், பழுதுச் செலவு வேறு. பாக்கி 12 ரூபாய்தான் என் கூலியும் லாபமும். 25 கிலோ விற்றால் 300 ரூபாய். இதில் 3 கிலோ மீந்துபோனால் 150 ரூபாய் வரவு நின்றுவிடும். அன்றைய வருமானத்தில் சரிபாதி அங்கேயே போய்விட்டது. அதாவது கூடுதலாக ஐந்து கிலோ விற்பதால் வருவதைவிட, மூன்று கிலோ மீதமாகாமல் பார்த்துக்கொண்டால் மிஞ்சுவது அதிகம்.

அதனால் நேரத்தைப் பின்னிருந்து எண்ணினேன். காலை நாலரைக்கு ஆட்ட வேண்டுமென்றால் இரவு பதினொரு மணிக்கு அரிசி ஊற வேண்டும். அரிசி தண்ணீரில் விழுந்த பிறகு அளவை மாற்ற முடியாது. எனவே மறுநாள் ஆர்டர் இரவு எட்டரை மணியோடு முடிவு, வாட்ஸ்அப்பில் சொல்லிவிட வேண்டும். முதலில் முணுமுணுப்பு இருந்தது, போகப் போகப் பழகிவிட்டார்கள். சொல்லாமல் வருபவர்களுக்கென்று இரண்டு கிலோ மட்டும் கூடுதல். காலை ஏழு மணிக்குள் பாதி மாவு வீட்டை விட்டுப் போய்விடுவதால் ஃபிரிட்ஜும் தாங்குகிறது.

ஆர்டர் நோட்டில் கிழமையோடு விசேஷ நாளையும் குறித்து வந்ததில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. சனிக்கிழமை மாலை கேட்பு கூடும், ஞாயிறு காலை இட்லிக்காக. அமாவாசை, கிருத்திகைக்கும் கூடும். ஒரு பொழுது இருப்பவர்கள் இரவில் பலகாரம்தான் சாப்பிடுவார்கள், தோசைக்கு மாவு வேண்டும். பள்ளி விடுமுறையில் குடும்பங்கள் ஊருக்குப் போய்விடும், சரிந்துவிடும். தினசரிக் காலண்டர் ஒன்று போதும், இந்த அளவுத் தொழிலைத் திட்டமிட. செல்போனில் கணக்கு எழுதும் செயலிகளையும் வைத்துப் பார்த்தேன். யார் எவ்வளவு பாக்கி என்பதற்கு நன்றாக உதவுகிறது, நாளைக்கு எத்தனை கிலோ ஊறவைப்பது என்பதற்கு உதவவில்லை.

மாவின் நிலையை வாங்குபவருக்குச் சொல்வதும் தொழிலின் பகுதிதான். "ஏனுங்க்கா, இது இன்னைக்கு ஆட்டுனதுங்களா?" என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. "காலைல ஆட்டுனதுங்க. ராத்திரி தோசைக்குச் சரியா இருக்கும், இட்லிக்குன்னா நாளைக்குக் காலைல ஊத்துங்க" என்று சொல்லிக் கொடுத்தால் மறுநாள் புகார் வராது. அதையே ஸ்டிக்கரிலும் அச்சடித்தேன், ஆட்டிய தேதி, எடை, விலை எல்லாவற்றோடும். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. போசி கொண்டு வருகிறவர்களுக்கு கிலோவுக்கு 2 ரூபாய் குறைக்கிறேன், கவர் செலவு எனக்கும் மிச்சம்.

தாள் வேலைகள் நினைத்ததைவிடச் சுலபம். உணவுப் பாதுகாப்புத் துறையின் அடிப்படைப் பதிவுக்கு நான் கட்டியது வருடத்துக்கு 100 ரூபாய், 14 இலக்க எண் கிடைக்கும். சிறு, குறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், இடைத்தரகருக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. எடை மெஷினுக்கு வருடா வருடம் முத்திரை வாங்க வேண்டும், இங்கே அது தொழிலாளர் துறையின் கீழ் வருகிறது.

தினமும் 10 கிலோவுக்குக் கீழே விற்பவருக்கு இந்த இயந்திரம் அவசியமில்லை, நல்ல டேபிள் டாப் ஒன்றே ஓட்டிவிடும். 15 கிலோவைத் தாண்டி, அதுவும் ஆர்டரின் பேரில் விற்பவர் என்றால் தாராளமாக வாங்கலாம். 20 லிட்டருக்கு மாறச் சொல்லி எனக்கு யோசனை வந்தபடி இருக்கிறது. இப்போதைக்கு அந்தப் பக்கம் போகப் போவதில்லை. கடைகளில் கூல்டிரிங்க்ஸ் வைக்கும் கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜ் ஒன்று பழையதாகக் கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அது வந்தால்தான் நாலாவது ஈடு.