குடல் நரம்புக்கு எந்த ஸ்டெம் செல்? ஐபிஎஸ் பக்கம் போனவனின் அலசல்

குடல் அசைவுக் கோளாறுகளுக்கு ஸ்டெம் செல் சிகிச்சை என்று பிஎச்டி தொடங்கினால், முதல் மாதமே ஒரு கேள்வி வந்து நிற்கும்: செல் எங்கிருந்து வரும்? அறுவை சிகிச்சையில் வெட்டியெடுத்த குடல் துண்டிலிருந்தா, ஐபிஎஸ் செல்லிலிருந்தா (தோல், இரத்தம் போன்ற வளர்ந்த செல்லைப் பின்னோக்கித் திருப்பி, எந்தச் செல்லாகவும் மாறும்படி செய்தது)? நான் எடுத்தது இரண்டாவது. அதனால் தராசு அந்தப் பக்கம் சாயத்தான் செய்யும்.

நோக்கம் எளிது. ஹிர்ஷ்ஸ்பிரங் நோயில் (சுமார் 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு) கருவில் நரம்பு முகட்டுச் செல்கள் (குடல் நரம்புகளாக மாற வேண்டியவை) குடலின் கடைசிவரை போய்ச் சேர்வதில்லை. நரம்பில்லாத அந்தப் பகுதி இறுகியே கிடக்க, மலம் நகராது. விடுபட்ட செல்களை நாம் கொண்டுபோய் நட வேண்டும்.

குடல் துண்டுச் செல்கள் பிறவியிலேயே குடல்வாசிகள். கட்டியாகும் பயமும் குறைவு. நைட்ரிக் ஆக்சைடு உருவாக்கும் நரம்பு நொதி இல்லாத எலிகளில் இவற்றை நட்டபோது பெருங்குடல் அசைவு திருந்தியதாக 2017இல் ஆய்வு வந்தது.

எண்ணிக்கைதான் உதைக்கிறது. துண்டு என்றைக்குக் கிடைக்கும் என்பது அறுவை அரங்கின் கையில். கிடைத்தாலும் அதில் இந்தச் செல்கள் சொற்பம். நியூரோஸ்பியராக, அதாவது மிதக்கும் செல் உருண்டைகளாக, வளர்த்தால் பெருகும், சில சுற்றுக்கு அப்புறம் தளர்ந்துவிடும். ஒவ்வொரு துண்டும் வேறு ஆள், வேறு வயது. "இதையே இன்னொரு முறை செய்து காட்டு" என்று கைடு சொன்னால் அதே செல் கையில் இருக்காது. ஐபிஎஸ்ஸில் ஒரே லைனை (ஒரே மூலத்திலிருந்து பெருகும் செல் வரிசையை) குப்பி குப்பியாக உறையவைத்து, வேண்டியபோது எடுக்கலாம். நோயாளிக்கு இந்த நோயோடு தொடர்புள்ள ரெட் மரபணுவில் பிறழ்வு இருந்தால் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்தக் கருவியால் திருத்தி, திருந்திய செல்லை மட்டும் பெருக்கலாம். சொற்பச் செல்லை வைத்துக்கொண்டு இது நடக்காது.

சும்மா கிடைப்பதில்லை. செல் வளரும் ஊட்டத் திரவமான மீடியத்தைத் தினமும் மாற்ற வேண்டும், ஞாயிறு உட்பட. செல் எந்த வகையாக மாறும் என்பதைத் தீர்மானிக்கும் ரெட்டினாயிக் அமிலம் சேர்க்கும் நாள் பிசகினால், குடலுக்குப் போகும் நரம்பு முகட்டு வகைக்குப் பதில் தலைப்பகுதி வகை வந்து சேரும். எனக்கு ஒரு தொகுதி முழுக்க அப்படிப் போனது. குரோமோசோமையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். 20ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு கூடிவிடுவது இந்தச் செல்களுக்கு வழக்கம்.

2016இல், ஐபிஎஸ்ஸைப் போலவே எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய மனிதக் கரு ஸ்டெம் செல்லிலிருந்து உருவாக்கிய செல்கள், ஹிர்ஷ்ஸ்பிரங் நோயுள்ள எலிகளைச் சாவிலிருந்து காத்தன. ஆனால் நான் நட்ட எலிகளைச் சில மாதங்கள்தான் கவனித்தேன். டெரடோமா (மாறாமல் மிஞ்சிய ஸ்டெம் செல்லிலிருந்து வளரும் கட்டி) வராது என்று அதை வைத்துச் சொல்ல மாட்டேன். கேஸ்ட்ரோபரேசிஸ் (இரைப்பை மெதுவாகக் காலியாகும் கோளாறு) பக்கம் நான் போகவே இல்லை. அங்கே அசைவின் தாளத்தை உண்டாக்கும் கஹால் செல்களும் குறைந்திருப்பதால் நரம்பை மட்டும் நட்டால் போதுமா என்பது என் அனுபவத்துக்கு வெளியே.

உங்கள் ஆய்வகம் அறுவைப் பிரிவோடு ஒட்டியிருந்து வாரம் தவறாமல் துண்டு வருமென்றால், முதல் வழியையே எடுங்கள். ஞாயிற்றுக்கிழமையாவது மிஞ்சும்.