ஹட்டன் முற்றத்தில் ஒரு பாய்ப்படகு: ட்ரெயிலரோடு எட்டு வருஷம்

போன ஞாயிற்றுக்கிழமை என் படகு ட்ரெயிலரின் இடது பக்க ஹப் (பேரிங் உட்காரும் வீலின் நடுப்பகுதி) மூன்றாவது தடவையாகப் போய்விட்டது. டிக்கோயா தாண்டி நோர்வூட் பக்கம் போகிற வழியில், ஒரு லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, நேர் முன்னால். முதலில் கிறீச் என்று சத்தம் வந்தது. யார் வீட்டிலோ தகரக் கதவு திறக்கிறார்கள் என்று நினைத்தேன். வேனை நிறுத்திப் பார்த்தால் வீலுக்கு நடுவிலிருந்து புகை. தொட்டுப் பார்க்கக் குனிந்த என்னை வாசலில் உட்கார்ந்திருந்த தாத்தாதான் தடுத்தார். "கைய வச்சிராதீங்க தம்பி, தோலு வந்துரும்." அதற்குள் லயத்துப் பிள்ளைகள் படகைச் சுற்றி நின்றுகொண்டு இது பறக்குமா என்று கேட்டார்கள். பக்கத்துக் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் கடல் விமானம் இறங்கி ஏறுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், கேள்வியில் தப்பில்லை.

அன்று இரவே கொழும்பிலிருந்து நண்பன் போன் பண்ணினான். 23 அடிப் படகு ஒன்று பேசி வைத்திருக்கிறானாம். "மச்சான், மாசா மாசம் காசு கட்டித் தண்ணியிலயே விடவா, இல்ல உன்ன மாதிரி ட்ரெயிலர்ல ஏத்தி வீட்டுக்குக் கொண்டு வரவா?" கிரீஸ் கையோடு இருந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? அன்றைக்கு என்ன சொன்னேனோ, அதை விட்டுவிடுங்கள். கொஞ்சம் ஆறிய பிறகு எழுதுவது இது. முழுக்க ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

என்னுடையது என்டர்பிரைஸ் என்கிற சின்னத் திறந்த பாய்ப்படகு. ஜாக் ஹோல்ட் 1956இல் வரைந்த வகை, 4.04 மீட்டர் நீளம், வெறும் படகு 94 கிலோ, நீலப் பாய். பொல்கொட வாவிப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த ஃபைபர் படகை 2017இல் செகண்ட் ஹேண்டாக வாங்கி, கித்துல்கல, கினிகத்தேனை வளைவெல்லாம் ஏறி ஹட்டனுக்குக் கொண்டு வந்தேன். படகைப் பற்றி ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் அதற்குக் கீழே இருக்கிற இரண்டு வீலைப் பற்றித்தான்.

ட்ரெயிலர் உள்ளூரில் வெல்டிங் செய்தது, வீல் ஆட்டோ வீல். வேன் வீல் ஒரு சுற்றுச் சுற்றினால் இது ஒன்றரைச் சுற்றுச் சுற்றும். மலைப் பாதையில் அரை மணி நேரம் ஓடினால் ஹப் நன்றாகச் சூடாகிவிடும். கரைக்கு வந்ததும் அவசரத்தில் அப்படியே பின்னால் எடுத்துத் தண்ணீருக்குள் இறக்குவேன். அங்கேதான் வினை. சூடான ஹப் குளிர்ந்த தண்ணீரில் முங்கியவுடன் உள்ளே இருக்கிற காற்று சுருங்கும். சுருங்கினால் வெளியிலிருந்து எதையாவது இழுக்கும். ஹப்பை அடைத்திருக்கிற ரப்பர் சீல் வழியாகத் தண்ணீரைத்தான் இழுக்கிறது. அடுத்த வாரம் மூடியைக் கழற்றினால் கிரீஸ் ஹோர்லிக்ஸ் நிறத்தில் இருக்கும். கழற்றவில்லை என்றால் பேரிங் சத்தமில்லாமல் துருப்பிடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதாவது லயத்துக்கு முன்னால் புகையும்.

இதற்கு மருந்து உலகத்துக்கே தெரியும். ஒரு மணி நேரம் ஆற விட்டு இறக்க வேண்டும், அல்லது வீல் நனையவே கூடாது. படகு சின்னக் கைவண்டியில் இருக்க, கைவண்டி ட்ரெயிலர் மேல் இருக்க, கரையில் கைவண்டியை மட்டும் உருட்டிக்கொண்டு போய் இறக்குகிற ஏற்பாடு உண்டு. நானும் மூன்றாவது வருஷமே பைப் வளைத்து ஒன்று செய்தேன். மழைக்காலத்தில், தண்ணீர் புல்வரைக்கும் நிற்கும்போது அருமையாக வேலை செய்தது. ஆனால் காசல்ரீ குளிக்கவும் படகு விடவும் கட்டிய குளமல்ல. அதன் தண்ணீர் விமலசுரேந்திர மின் நிலையத்துக்குப் போகிறது. பங்குனி, சித்திரையில் மட்டம் இறங்கினால் கரைக்கும் தண்ணீருக்கும் நடுவே வெறும் சேறு. கைவண்டியின் மெல்லிய வீல் அந்தச் சேற்றில் அச்சுவரைக்கும் புதைந்துவிடும். அப்புறம் என்ன, எங்காவது கல்லுப் பாங்கான இடம் தேடி ட்ரெயிலரையே இறக்க வேண்டியதுதான். மறுபடி ஹோர்லிக்ஸ்.

ஒவ்வொரு தடவையும் அதைச் சரி செய்வது அப்பா. முப்பது வருஷம் தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற ரோலரோடு மல்லுக்கட்டியவர். பேரிங்கை விரலில் வைத்துச் சுற்றிக் காதருகே பிடித்தே எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லுவார். இந்த எட்டு வருஷத்தில் ஒரு தடவைகூடப் படகில் ஏறியதில்லை. "சூட்டோட தண்ணிக்குள்ள எறக்குறவனுக்கு எதுக்கு வண்டி?" என்பதுதான் ஒவ்வொரு முறையும் முதல் வசனம். இரண்டு பக்கமும் பேரிங், சீல், கிரீஸ் எல்லாம் சேர்த்து இந்த முறை 7,000 ரூபாய்க்குக் கிட்ட வந்தது. அப்பாவின் வசனத்துக்கு விலை போடவில்லை.

சரி, தண்ணீரிலேயே விட்டால்? மலைநாட்டில் மரீனா, அதாவது காசு கட்டிப் படகை நிறுத்தி வைக்கிற துறை, கிடையாது. இருக்கிற வழி ஒன்றுதான்: அனுமதி உள்ள யாராவது கரையில் இடம் தந்தால் மிதவையில் கட்டலாம். 2019இல் தெரிந்த ஒருவருடைய விருந்தினர் விடுதிக்குக் கீழே அப்படிக் கட்டினேன். முதல் மூன்று வாரம் சொர்க்கம். மற்ற நாளில் பாய்மரம் நிமிர்த்திக் கயிறெல்லாம் பூட்ட முக்கால் மணி நேரம் போகும். இங்கே துணியை உருவிப் பாயை ஏற்றினால் பத்து நிமிஷத்தில் நடுத் தண்ணீரில் இருப்பேன். வெயில் காலத்தில் காற்று பத்து மணிக்கு மேல்தான் எழும். மார்ச் கடைசியில் என்றால் இரண்டு மணிக்கெல்லாம் மலைக்குப் பின்னால் இடி உறும ஆரம்பித்துவிடும். அலுமினியப் பாய்மரத்துக்குக் கீழே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. கையில் இருப்பதே நாலு மணி நேரம், அதில் முக்கால் மணி நேரம் என்பது பெரிய காசு.

அந்த மார்ச்சில் நாடு முழுக்க மின்வெட்டு நடந்தது நினைவிருக்கும். மட்டம் அப்படி இறங்கியது. ஒரு காலை போய்ப் பார்த்தால் என் படகு சேற்றுச் சரிவில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறது, தண்ணீர் கூப்பிடு தூரத்தில். தென்மேற்கு மழை பிடித்ததும் கதை தலைகீழ். மேலே போர்த்திய துணி காற்றில் கிழிந்தது. திறந்த படகு, உள்பரப்பு ஏறக்குறைய 4 சதுர மீட்டர். ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் பெய்தால் 400 லீட்டர், படகின் எடையைப் போல நாலு மடங்குக்கு மேல். தண்ணீரை உறிஞ்சி வெளியே விடும் அடி வால்வு படகு ஓடும்போதுதான் வேலை செய்யும், கட்டிக் கிடக்கும்போது அல்ல. விளிம்பு மட்டும் வெளியே தெரிய எருமை மாதிரி கிடந்தது. ஆவணியில் மறுபடி முற்றத்துக்கே வந்துவிட்டது.

இந்த முற்றத்தில் வைப்பதைத்தான் வெளியூர்க்காரர்கள் உலர்ந்த இடத்தில் வைப்பது என்கிறார்கள். ஹட்டனில் ஆடி மாசம் சட்டையே காய்வதில்லை. பாயை ஈரத்தோடு மடித்தால் நாலு நாளில் பூஞ்சணம் புள்ளி வைக்கும். ஆகவே அது அம்மாவின் அடுப்படியில், விறகடுப்புக்கு எட்டத்தில், கொடியில் தொங்கும். என் பாய் புகை வாசமடிக்கும். நல்ல காற்றில் அது புடைக்கும்போது முகத்தில் கருவாட்டு வாசம் அடிப்பதை நான் குறையாகச் சொல்லவில்லை, பழகிவிட்டது. அம்மாவுக்குத்தான் இன்னும் பழகவில்லை.

2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில், கியூஆர் கோட்டில் வேனுக்கு வாரத்துக்கு 20 லீட்டர் கிடைத்த காலத்தில் படகு ஐந்து மாசம் அசையவே இல்லை. தண்ணீரில் இருந்திருந்தால் பஸ்ஸில் போயாவது ஓட்டியிருப்பேன். அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. ஆனால் அதே ஐந்து மாசத்தில் முற்றத்துப் படகின் போர்வைக்குக் கீழே குந்தியிருந்துதான் மகள் வாய்ப்பாடு படித்தாள். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும், எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை.

நண்பனுக்குச் சொல்வது: உன் படகின் அடியில் மேலே தூக்க முடியாத, எடை உள்ள கீல் (படகு கவிழாமல் பிடிக்கிற அடித்தண்டு) இருந்தால் ட்ரெயிலர் பேச்சே வேண்டாம், ஒவ்வொரு தடவையும் கிரேன் தேடுவாய். தண்ணீரில் விடு. உப்புத் தண்ணீர் என்றால் அடியில் சிப்பி ஒட்டும், பெயிண்ட் அடித்துக்கொண்டே இரு. நன்னீரில் சிப்பி இல்லை என்று சந்தோஷப்படாதே, ஃபைபரில் கொப்புளம் போடுவது நன்னீரில்தான் அதிகம். சின்னப் படகு என்றால் ட்ரெயிலர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாய்மரத்தை நிமிர்த்த முன் மட்டும் தலைக்கு மேல் மின்கம்பி போகிறதா என்று பார். தோட்டப் பாதைகளில் கம்பி தாழ்ந்துதான் தொங்கும், தொட்டால் அப்புறம் படகு எங்கே வைப்பது என்ற கேள்வியே வராது.

எட்டு வருஷக் கணக்கு ட்ரெயிலர் பக்கம்தான் நிற்கிறது. செலவு குறைவு, படகு மூழ்கவில்லை, அடிப்பாகம் இன்றும் பளபளக்கிறது. இருந்தாலும் நேற்று அந்த விடுதிக்காரருக்குப் போன் பண்ணி, தை பிறந்ததும் மிதவை எனக்குத்தான் என்று சொல்லிவிட்டேன். மார்ச்சில் சேறு வரும் என்று அவரே ஞாபகப்படுத்தினார். வரட்டும் என்றேன்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் புது சீல் போட்டு, கிரீஸ் அடைத்து, மூடியைத் தட்டி இறுக்கிவிட்டு, வலது பக்க ஹப்பையும் கழற்றத் தொடங்கிவிட்டார்.